பேர் சொல்லிக் கூப்பிட்டேன்

மூன்று நாளாக என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் வேறு ஏதோ பேரைச் சொல்லி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் நான்தான். இதை மறைத்துவிட்டு, நம் சாமி எனக்குச் செய்ததை இந்தக் கோயிலில் நின்று சொல்ல முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேளுங்கள்.

போன மாசி மாதம். திருச்சுழிக்குக் கிழக்கே கரிமூட்டம் போட்டிருந்தோம். எரித்துக் கரியாக்கக் கருவேல விறகை அடுக்கிக்கொண்டிருந்தவர், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு, தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். கட்டின சேலையோடு, கரிக் கையோடு போனேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், பேர் என்ன என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக அவர் பேரை நான் சொன்னதே இல்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்தப் பயம். போதாக்குறைக்கு அவருக்கு வைத்திருப்பது நம் குலசாமியின் பேர். அதனால் சாமி பேரையும் நான் சொன்னதில்லை. கும்பிடும்போதுகூட எல்லைச்சாமி என்றுதான் கூப்பிடுவேன்.

"எங்க எல்லைச்சாமி பேருதான்யா அவுகளுக்கு" என்றேன். அவர் 'எல்லைச்சாமி' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இருந்த பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை.

உள்ளே விடவில்லை. வராண்டாவிலேயே கிடந்தேன். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறோம், அசைவே இல்லை என்று நர்ஸம்மா வந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகள் பிறந்த அன்று மூன்று தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கரி போகவில்லை என்று, துண்டை விரித்து அதில் பிள்ளையைப் போடச் சொல்லி வாங்கிய மனுஷன். நான் டைபாய்டில் கிடந்த மாதம் அவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். கோணல் சடை. அவள் அழுதாள். மறுநாள் இன்னும் இறுக்கிப் பின்னினார், கோணல் மட்டும் போகவில்லை. குடி கிடையாது. என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. நான்தான் அவரை வாயால் அடித்திருக்கிறேன். அதை நினைத்து நினைத்து அந்த வராண்டாவில் அழுதேன்.

முதல் நாள், பழையபடி எழுந்து நடக்க வை சாமி என்று கேட்டேன். இரண்டாம் நாள், படுக்கையில் கிடந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், உயிரோடு கொடு என்றேன். மூன்றாம் நாள் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. கோயம்புத்தூரில் படிக்கிற மகளுக்குப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொல்லியிருந்தோம். அவள் வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும், அது போதும் என்று வேண்டினேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று ஊருக்குப் போய் அப்பாவின் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வந்த மகள், கவுண்டரில் காட்டிவிட்டு ஓடிவந்தாள். "அம்மா, இங்க யாரோ எல்லைச்சாமின்னுல்ல இருக்கு. அப்பா எங்கம்மா?" என்றாள். மூன்று நாளாக அந்தப் பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஓடிப்போய் நர்ஸம்மாவிடம் சொன்னேன்.

நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போனார். மகள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். அசையவில்லை. "நீ கூப்புடும்மா" என்று என் கையைப் பிடித்தாள். ஆயுசு குறையுமே என்று அந்த நேரத்திலும் நாக்கு பின்னால் இழுத்தது. குறைவதற்கு இனி என்ன இருக்கிறது?

"இருளப்பா" என்றேன். "இருளப்பா, இங்க பாருங்க. மக வந்துருக்கா."

புருஷனைக் கூப்பிட்டேனா, சாமியைக் கூப்பிட்டேனா, எனக்கே தெரியவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். முதலில் என்னைப் பார்த்தார். இவளா நம் பேரைச் சொன்னது என்கிற மாதிரி. பிறகு மகளைப் பார்த்தார். அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

மறுநாள் காலையில் போய்விட்டார்.

பேர் சொன்னதால்தான் போனார் என்று சொந்தத்தில் ஒருத்தி சொன்னாள். சொல்லட்டும். மகள் படிப்பை விடவில்லை. நான் வெள்ளிக்கிழமைதோறும் இங்கே வந்து, இருளப்பசாமி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக் கும்பிடுகிறேன். சாமிக்கு நன்றி சொல்லத்தான் வருகிறேன். கேட்டதைக் கொடுத்தார். நான் கேட்ட அளவுக்கு, ஒரு குண்டுமணி கூடாமல் குறையாமல் கொடுத்தார்.

அதுதான் என்னை அறுக்கிறது. சொந்தங்களே, நம் சாமி கேட்கும். நம்புங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் படுத்துக் கிடந்தால், பேரைச் சொல்லி, முழு ஆளாகத் திருப்பிக் கொடு என்று கேளுங்கள். என்னைப் போல் குறைத்துக் கேட்டுவிடாதீர்கள்.