ஈக்குப் பெயர் வைத்தவர்

எனக்கு மீன் சமைக்கத் தெரியும், சாப்பிடத் தெரியும். பிடிக்கத் தெரியாது. தூண்டில் தடியைத் தொட்டதெல்லாம் அறை கூட்டும்போது சுவரோரமாக நகர்த்தி வைப்பதற்குத்தான். ஆனாலும் கனடாவில், கெபெக்கின் வடகரையில் ஓர் ஆற்றில் நான் உண்டாக்கிய ஈயை வைத்துக் காசுக்காரர்கள் இன்றைக்கும் மீன் பிடிக்கிறார்கள். அந்த ஈக்கு வேறொருவருடைய பெயர். அந்தப் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டவளும் நான்தான். நினைத்தால் வயிறு பற்றி எரிகிறது. எழுதினால் ஆறும் என்று சொல்கிறார்கள், பார்ப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் மொன்ட்ரியாலின் துணித் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டன. நான் பதினொரு வருஷம் சட்டைக் கொலர் தைத்த இடமும் பூட்டியது. பிறகு கிடைத்தது டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை. ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் உள்ளே ஓடி, ஆசனங்களுக்கு இடையில் முழங்காலில் நின்று, ஊரார் தின்று போட்டதைப் பொறுக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி முழங்காலில் நிற்கவே கூடாது என்றார் டொக்டர். நின்றால்தான் சம்பளம் என்று அவருக்கு யார் சொல்வது? மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. படியேறி வந்து கதிரையில் விழுந்தால் எழும்பிச் சோறு வைக்க ஒரு மணித்தியாலம் ஆகும்.

கீழ் வீட்டில் ஓர் அண்ணை இருந்தார். கோடைக்குக் கோடை வடகரையில் ஒரு மீன்பிடி விடுதிக்குச் சமைக்கப் போகிறவர். அந்த வருஷம் டோர்வலில் ஆள் குறைத்து, செப்டம்பரில் திரும்பி வா என்று எங்களை அனுப்பியிருந்தார்கள். அதை அறிந்து அண்ணை மேலே வந்தார்.

"தங்கச்சி, அறை கூட்டவும் கோப்பை கழுவவும் ஒரு ஆள் வேணுமாம். வாறீரோ?"

"முழங்காலிலை நிக்க வேணுமோ அண்ணை?"

"அங்கை நிக்கிறது முழுக்க விருந்தாளியள்தான். அதுவும் இடுப்பளவு தண்ணிக்குள்ளை."

அவர் சொன்னது உண்மைதான். தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில் போய் இறங்கினோம். ஆற்றங்கரையில் எட்டு அறைகளும் சமைக்க ஒரு குசினியும், சுற்றிவரக் காடு. விருந்தாளிகள் பல் டொக்டர்கள், வழக்கறிஞர்கள். விடிந்தால் றப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கி, பொழுதுபடும்வரை தடியை வீசிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் தேடி வந்தது கடலுக்குப் போய்க் கொழுத்து ஆற்றுக்குத் திரும்புகிற ட்ரௌட் மீனை. அதற்குப் புழு போடக் கூடாது, இறால் போடக் கூடாது. ஊசித் தூண்டிலில் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியைத்தான் போடலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஈ. மீன் அகப்பட்டால் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். மீன்பிடி விடுதியில் நாங்கள் கோழி பொரித்தோம். "பிடிச்சுக் கொஞ்சிப்போட்டு விடுறதுக்கு இவ்வளவு தூரம் வருவினமோ?" என்று அண்ணை கோழியைப் பார்த்துக் கேட்பார்.

இரண்டாம் கிழமை ஓர் அறையின் கம்பளத்தை உதறும்போது, அதில் கிடந்த ஈ ஒன்றின் ஊசி என் விரலில் ஏறிவிட்டது. விடுதியின் வழிகாட்டி, முப்பது வயதிருக்கும், நூலைச் சுருக்கிட்டு ஒரே சுண்டில் அதை எடுத்துவிட்டான். எடுத்த ஈ பிய்ந்து போயிருந்தது. எறியப் போனவனிடம் நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் புது மாதிரிச் சட்டை வந்தால் முதலில் அதைத் தையல் தையலாகப் பிரிப்போம். பிரித்தால்தான் எப்படித் தைத்தது என்று தெரியும். அந்த ஈயையும் அப்படித்தான் பிரித்தேன். எந்த நூல் முதலில், எந்த மயிர் பிறகு, முடிச்சு எங்கே என்று பார்த்துவிட்டு அதே சாமானை வைத்துத் திரும்பக் கட்டினேன். வழிகாட்டி அதை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த நாள் ஊசியைப் பிடித்து வைக்கிற சின்ன இடுக்கி ஒன்றையும் ஒரு பெட்டி இறகையும் குசினி மேசையில் கொண்டுவந்து வைத்தான். கோப்பை கழுவி முடிந்ததும் நான் ஈ கட்ட உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் அவன்தான் அந்தக் கடையைப் பற்றிச் சொன்னான். மொன்ட்ரியாலில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடை. குளிர்காலம் முழுக்க அங்கே ஒருவர் கண்ணாடி யன்னலோரம் இருந்து, வருகிறவர்கள் பார்க்க ஈ கட்டுவார். அந்த இடம் அந்த வருஷம் காலியாக இருந்தது. ஆனால் மற்றவர்களுடைய ஈயை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் போதாது. தான் உண்டாக்கிய ஈ ஒன்று இருக்க வேண்டும், அது ஆற்றில் மீன் பிடித்துக் காட்டியிருக்க வேண்டும். அவன் சொன்ன மற்றதெல்லாம் எனக்குப் பாதிதான் விளங்கியது. கதிரையில் இருந்து செய்கிற வேலை என்பது மட்டும் முழுதாக விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

கிழமைக்கு ஒருமுறை விடுதித் தொலைபேசியில் வீட்டுக்காரரோடு கதைக்கலாம். அவர் மொன்ட்ரியாலில் டாக்சி ஓட்டினார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நீர் அங்கை ஈ கட்டுறீர், நான் இஞ்சை ஆளில்லாமல் ஈ ஓட்டுறன்," என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உண்மையாய்க் கதிரை வேலையோ?" என்று கேட்டார்.

ஜூலை கடைசியில் மழை பொய்த்து ஆறு வற்றியது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டது. மீன் கண்ணுக்குத் தெரிகிறது, வாய் திறக்கிறதில்லை. நாலு நாளாக ஒருவருக்கும் ஒன்றும் படவில்லை. விருந்தாளிகள் சாப்பாட்டில் குற்றம் பிடிக்கத் தொடங்கினார்கள். நான் வாளி அலசப் போகும் இடத்தில் விரல் நீளக் குஞ்சு மீன்கள் திரியும். அவற்றின் பக்கம் மினுங்கும், ஆனால் பளிச்சென்று மினுங்காது. இவர்களுடைய ஈயில் சுற்றியிருந்த வெள்ளிக் கம்பியோ கல்யாண வீட்டு மின்குமிழ்போல எரிந்தது. அந்தத் தெளிந்த தண்ணீரில் அதைக் கண்டால் நானே ஓடுவேன். அப்போது என் கையில் இருந்தது தூசு துடைக்கிற துணி. அது என் பழைய சட்டை ஒன்றின் கை, சரிகைக் கரை போட்டது. தோய்த்துத் தோய்த்துச் சரிகை கறுத்து, மங்கலாக மினுங்கியது. அதில் ஐந்தாறு இழையை உருவி ஊசியில் உடம்பாகச் சுற்றி, மேலே கறுத்த மான் மயிர் கொஞ்சம் வைத்துக் கட்டினேன். பார்க்க ஒன்றுக்கும் உதவாததுபோல இருந்தது.

வழிகாட்டி அதைக் கொண்டுபோனான். மத்தியானத்துக்குள் மூன்று மீன். மூன்றாவதைப் போல ஒன்றை அந்தக் கோடையில் யாரும் பிடிக்கவில்லை என்று ஓடி வந்து சொன்னான். பின்னேரம் பல் டொக்டர்கள் குசினி வாசலில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள், ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று. காலையில் என் முகம் பார்த்து ஒரு பொன்ஜூர் சொல்லாதவர்கள். நான் கட்டிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்தச் சட்டைக் கை தீரும்வரை கட்டினேன். போட்டவர்களுக்கெல்லாம் மீன் பட்டது.

அதற்கு ஒரு பெயரும் யோசித்து வைத்திருந்தேன். படுக்கையில் கிடந்து யோசித்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, நல்ல பெயர் என்று முடிவு செய்த பெயர். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

பருவம் முடிகிற கிழமை எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அறுபது வயது தாண்டியவர். அந்த விடுதி அவருடைய பாட்டன் கட்டியது. வைக்கிற ஒவ்வொரு கோப்பைக்கும் நன்றி என்று எனக்கு மெர்சி சொல்கிற மனுசன். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், அதுவும் முடியவில்லை. அந்த ஆற்றில் மீன் பிடித்த ஈக்களைப் பெயரோடு எழுதி வைக்கிற தடித்த புத்தகம் ஒன்றை அவர் மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "மதாம், இந்த ஈயின் பெயர் என்ன?"

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்கோ கடைக்கோ பெயர் வைக்கும்போது மதிப்பான ஒருவரைக் கேட்போம். அவர் பெயரைச் சொல்லி, பாயசம் குடித்துவிட்டுப் போவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டபோது, நானே சொல்வது மரியாதை இல்லை என்று எனக்குப் பட்டது. யோசித்து வைத்த பெயரை விழுங்கிவிட்டு என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன்: "மிஸ்யே, நீங்கள் வையுங்கள். உங்கள் வீடு, உங்கள் ஆறு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நிச்சயமாகவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "மதாம், உண்மையாகத்தானா? நன்றாக யோசித்தீர்களா?" என்றார். நம்மவர்களும் இப்படித்தானே, விருந்துக்கு வந்தால் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரம் கையை நனைப்பார்கள். அப்படித்தான் மனுசன் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் தரமும் கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு வற்புறுத்தினேன். அதோடு விடாமல், முதல் மீன் பிடித்த அந்த ஈயை எடுத்து வந்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். அவர் தன் குடும்பப் பெயரை வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் புத்தகத்தில் எழுதினார். வழிகாட்டி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குசினிக்குள் அண்ணை, "நல்ல வேலை செய்தனீர் தங்கச்சி. மனுசன் கண்கலங்கிப் போச்சு. அடுத்த வருஷமும் உமக்கு வேலை உறுதி," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த நாள் விமானத்துக்குப் பெட்டி தூக்கும்போது வழிகாட்டி கேட்டான், ஏன் கொடுத்தீர்கள் என்று. எதைக் கொடுத்தேன் என்றேன். ஈயை என்றான். இங்கே கட்டியவர்தான் பெயர் வைப்பார், இன்னொருவரை வைக்கச் சொன்னால் அது ஈயையே எழுதிக் கொடுத்த மாதிரி என்றான். இவனுக்கு ஏதோ எரிச்சல் என்று நினைத்தேன். என் கையால் கட்டியது எப்படி இன்னொருவருடையதாகும்?

செப்டம்பரில் டோர்வலுக்குத் திரும்பினேன். ஒக்டோபரில் ஒரு நாள், வேலைக்குப் போக முன், வீட்டுக்காரர் என்னை டாக்சியில் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்னொரு பழைய சட்டையைப் பிரித்துக் கட்டிய பன்னிரண்டு ஈயும் பிஸ்கற் டின்னில் பஞ்சுக்கு மேல் இருந்தன. யன்னலோரக் கதிரை இன்னும் காலி. கடைக்காரர் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அருமையான கை மதாம்," என்றார். "ஆனால் இது வடகரை மிஸ்யேயின் ஈ. உங்களுடையது ஒன்று காட்டுங்கள்."

இது என்னுடையதுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அங்கேயே தொலைபேசியை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு என்னிடம் நீட்டினார்.

முதலாளியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மதாம், எப்படி இருக்கிறீர்கள்? கட்டியது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். எனக்குத் தந்ததும் நீங்கள்தானே? நான் மூன்று தரம் கேட்டேன், நினைவிருக்கிறதா? என் பேரப்பிள்ளைகளும் இதை வைத்து மீன் பிடிப்பார்கள். என் வாழ்க்கையில் இப்படி ஒன்றை எனக்கு யாரும் தந்ததில்லை."

இல்லை, நான் தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனுசன் பொய்யர் ஆவார். அவர் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. ஓமென்று பிரெஞ்சில் சொன்னேன். மெர்சியும் சொன்னேன், அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்போல இருக்கும். கடைக்காரர் டின்னை மூடிக் கையில் தந்து, வேறொன்று உண்டாக்கினால் கட்டாயம் வாருங்கள் என்றார். மற்றவர்கள் ஆயுளில் ஒன்று உண்டாக்குவதே அபூர்வம் என்று வழிகாட்டி எனக்குச் சொல்லியிருந்தான்.

வெளியே வீட்டுக்காரர் டாக்சிக்குள் இருந்தார்.

"என்னவாம்?"

"அது நான் குடுத்த சாமானாம். இனி என்ரையெண்டு சொல்லேலாதாம்."

"ஆருக்குக் குடுத்தனீர்? ஏன் குடுத்தனீர்?"

"அவர் மூண்டு தரம் நிச்சயமோ எண்டு கேட்டவர். நான்தான் கும்பிட்டுக் குடுத்தனான்," என்றேன். "டோர்வலுக்கு விடுங்கோ. வேலைக்கு நேரமாச்சு."