எரிமலைமேல் கேட்ட தமிழ்

பாண்டிச்சேரியில் கல்லூரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வகுப்பிலிருந்து சிலரை மாணவர் பரிமாற்றத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அனுப்பினார்கள். அதற்குமுன் நான் போயிருந்த தொலைதூர ஊர் சென்னைதான். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியபின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டியாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான். என்னோடு வந்தவர்களில் நெருங்கிய தோழி ஒருத்தி இருந்தாள், சொல்தா வீட்டுப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வெளிநாடு அவளுக்குப் புதிதில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் எரிமலைக்குக் கூட்டிப்போனார்கள். அந்தத் தீவில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்கவில்லை. எரிமலை என்றால் அது ஒன்றுதான். வேனை விட்டு இறங்கியதும் ஒரு பெரிய மதில்போலப் பாறை செங்குத்தாக இறங்கியது. அதில் வெட்டிய படிகளில் கீழே போனால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்தது. கேழ்வரகுக் களியைக் கிளறிக் கிளறி அப்படியே காயவிட்டதுபோல மடிப்பு மடிப்பாக, கன்னங்கரேல் என்று. ஒரு மரமில்லை, ஒரு பறவையில்லை. பாறையில் வரிசையாக அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் குறிகள்தான் பாதை.

"குறியை விட்டு விலகாதீர்கள். மேகம் இறங்கினால் பக்கத்தில் இருப்பவரும் தெரியமாட்டார்" என்றாள் வழிகாட்டி. அந்தத் தீவுக்காரி, சிரித்த முகம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

உச்சிக்குப் போய், பள்ளத்தை எட்டிப் பார்த்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு இறங்க ஆரம்பித்தோம். பாதி வழியில் மேகம் வந்துவிட்டது. மேலேயிருந்து இறங்கவில்லை. பக்கவாட்டில், தரையோடு தரையாக, எங்களை நோக்கி நடந்துவருவதுபோல வந்தது.

அப்போதுதான் ஒரு பெரியவரைப் பார்த்தோம். குறிக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். நம் ஊர் முகம், நல்ல மழைக்கோட்டு, நடப்பதற்கென்றே வாங்கிய ஷூ. நானும் தோழியும் தமிழில் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"எந்த ஊரு நீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாண்டிங்க. நீங்க தமிழா, தாத்தா?"

"பாண்டியில எங்க?"

"முதலியார்பேட்டை."

"நாங்க கொசக்கடை வீதி." குரல் வயதானவருடையது. பேச்சு மட்டும் ஏதோ பத்து வயதுப் பையனுடையதுபோல இருந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வைத்தார். "மில் சங்கு ஊதிடுச்சா?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "மில்லெல்லாம் மூடிட்டாங்க தாத்தா. இப்ப ஏது சங்கு?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்ப நேரமாயிடுச்சு. வீட்ல தேடுவாங்க. நான் போறேன்."

படிக்கட்டு இருந்த பக்கம் அவர் போகவில்லை. வெள்ளைக் குறிகளை விட்டுக் குறுக்கே நடந்தார்.

"தாத்தா, படி இந்தாண்ட இருக்கு! எங்ககூட வந்துடுங்க!" என்று தோழி கத்தினாள்.

கையை மட்டும் தூக்கிக் காட்டினார். மேகம் அவரை முதுகிலிருந்து மூடியது. ஷூவின் கீழ் பாறை நொறுங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எங்கள் சத்தம் கேட்டு, பின்னால் மற்றவர்களோடு வந்துகொண்டிருந்த வழிகாட்டி ஓடிவந்தாள். விசில் ஊதிக்கொண்டே அவர் போன திசையில் போனாள். நாங்கள் ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் தனியாகத்தான் திரும்பினாள். போனில் மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிட்டு, எங்களைப் படிக்கட்டுக்கு நடத்திப் போனாள்.

படியில் ஏறும்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "யம்மா" என்று இழுத்து. தெருவில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. நான் நின்றுவிட்டேன். தோழியும் நின்றாள். "காத்துதான், ஏறுங்க" என்றார் ஊரிலிருந்து எங்களைக் கூட்டிவந்த பேராசிரியை. அவர் முகமும் சரியில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு போலீஸ்காரர் ஒருவரும் அந்தப் பெரியவரின் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஐம்பது வயது இருக்கும். தமிழ் தெரியாது. அப்பா சிறு வயதிலேயே பாண்டியை விட்டு வந்தவர் என்றும், வீட்டில் யாரிடமும் தமிழ் பேசியதே இல்லை என்றும் சொன்னார். ஒரு வருடமாக அவருக்கு நினைவு தடுமாறுகிறதாம். அன்று காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு போனது யாருக்கும் தெரியாது.

"கடைசியாக என்ன சொன்னார்?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டார்.

வீட்டில் தேடுவார்கள் என்றார், என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எந்த வீட்டில்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். சொன்னேன். புரியாத அந்தச் சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மறுநாளும் மேகம் கலையவில்லை. ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் நின்றது. நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

பாண்டிக்கு வந்து இரண்டு வாரம் கழித்து வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது. கண்டுபிடித்துவிட்டார்களாம். உயிரில்லை. பாறை மடிப்பு ஒன்றின் ஒதுக்குப்புறத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். குளிரில் இறந்திருக்கிறார். ஷூ இரண்டையும் கழற்றி, சற்றுத் தள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்திருந்தாராம். குளிரில் உறைகிறவர்கள் சில சமயம் அப்படிக் கழற்றுவதுண்டு என்று எழுதியிருந்தாள். நான் அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

அதன்பின் சில மாதங்கள் எனக்குத் தூக்கம் ஒழுங்காக வரவில்லை. கடற்கரையில் மழை நனைத்த கருங்கற்களைப் பார்த்தால் வேறு பக்கம் நடந்துவிடுவேன். கூட்டத்தில் யாராவது ஒரு வயதானவர் வழி தெரியாமல் நின்றால், பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் அந்தப் பெரியவரின் மகள் பாண்டிக்கு வந்தார். கொசக்கடை வீதியைக் காட்டும்படி கேட்டார். எந்த வீடு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைகளும் வண்டிகளுமாக நெரிசல். வீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தோம். பிறகு, தான் தனியாக ஒருமுறை நடக்க வேண்டும் என்றார். நான் முனையில் நின்றேன். அவருடைய வெள்ளைச் சட்டை ஒரு லோடு ஆட்டோவுக்குப் பின்னால் மறைந்தது. ஆட்டோ நகர்ந்தபோது அவர் அங்கே இல்லை.

எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், "மதாம், மதாம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாத்திரக்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

அவர் பக்கத்துக் கடையிலிருந்து வெளியே வந்தார். கையில் இரண்டு தண்ணீர் பாட்டில். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றைத் திறந்து என்னிடம் நீட்டினார்.