நயினாதீவுச் சித்திர ரீச்சர்

நகரத்து ஓவியக்கூடத்தின் படங்களை ஊர்காவற்றுறைப் பள்ளி மண்டபத்தில் மாட்டித் தீவுப் பிள்ளைகளுக்கு விளக்குவது அப்போது என் வேலை. முதல்நாள் ஆசிரியர்களுக்கான வகுப்புக்கு நயினாதீவிலிருந்து ஒரு சித்திர ரீச்சர் வந்தார். மெலிந்தவர். படங்களைத் தொட்டுவிடாமலிருக்கக் கைகளைப் பின்னால் கட்டியே நடந்தார்.

மறுநாள் கடல் கொந்தளித்தது. வள்ளம் பிந்தியதால், நான் மண்டபத்தைப் பூட்டியபிறகே ரீச்சர் பள்ளிப் பிள்ளைகளுடன் வந்துசேர்ந்தார். ஒவ்வொரு பிள்ளையும் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றது.

"கடலுக்கு நேரங்காலம் தெரியாது, சேர். பத்து நிமிசம் திறவுங்கோ. இதுகள் அச்சடிச்ச படம்தான் பாத்ததுகள்."

"நேரம் முடிஞ்சுது, ரீச்சர். அடுத்தமுறை பாப்பம்."

"ஓம், சேர்."

அடுத்தமுறை வரவேயில்லை. போர் வந்து, தீவுச் சனம் சிதறிப்போனது. அவர்களில் ஒருவரையும் நான் பிறகு காணவில்லை.

மண்டபப் பூட்டின் திறப்பு என் கையில்தான் இருந்தது. எனக்கு அன்று வேறு அலுவல் எதுவும் இருக்கவில்லை.