விசிறியின் கடைசி இரண்டு மடிப்புகள்

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக் கண்காட்சியில் என் பங்குக்கு வருஷா வருஷம் பூ வரைந்த பானைகளும் 'தொடாதீர்கள்' என்ற அட்டையும்தான். அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த வருஷம் வருகிறவர்கள் கைவைத்து ஏதாவது செய்கிற மாதிரி ஒன்றை வைத்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

மாமல்லபுரத்தில் துணி எடுக்கப் போன கடையில்தான் யோசனை கிடைத்தது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சீன மடக்கு விசிறி இருந்தது. கடைக்காரப் பாயின் தகப்பனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம். பாய் ஒவ்வொரு மடிப்பாக விரிக்க விரிக்க மலை வந்தது, சவுக்கு மாதிரி ஒரு மரம் வந்தது, பாலம் வந்தது, பாலத்தின் மேல் குடை பிடித்த ஒரு ஆள் வந்தான். அடுத்து என்ன என்று கழுத்தை நீட்டினேன். கடைசி இரண்டு மடிப்புகளும் நூலால் கட்டப்பட்டிருந்தன.

"எங்க அத்தா கட்னது. பிரிச்சா கிழிஞ்சிடும்னு சொல்லிக்கினே இருப்பாரு. நீங்களும் பிரிச்சிடாதீங்க டீச்சரம்மா" என்று சொல்லித்தான், மாதிரி பார்த்துச் செய்ய ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்.

மூங்கில் பிளாச்சும் காடாத்துணியும் வைத்து ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி செய்தேன். கயிற்றை இழுத்தால் ஒவ்வொரு மடிப்பாகத் திறக்கும். எல்லாம் சரி, கடைசி இரண்டில் என்ன வரைவது? குடைக்காரன் எங்கேதான் போகிறான்? வீட்டுக்கா, கோயிலுக்கா, பெண் பார்க்கவா? மண்டை குடைந்தது. ஒரு மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நூலை அவிழ்த்து விரித்தேன்.

சரக்கென்று ஓர் அங்குலம் கிழிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தாள்.

பசை தடவி, பழையபடியே கட்டிவிட்டேன். அவர் பிரிக்கவே போவதில்லை, யாருக்குத் தெரியப் போகிறது? அப்படித்தான் நினைத்துக்கொண்டு, விசிறியைத் திருப்பிக் கொடுக்க பஸ் ஏறினேன். ஆனால் பாய் சிரித்த முகத்தோடு ஸ்டூலை இழுத்துப் போட்டதும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "உங்கள நம்பித்தானே குட்தேன்?"

விசிறியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தி, "உள்ள இன்னா கீது?" என்றார். அவரும் அதுவரை பார்த்ததே இல்லையாம்!

"ஒண்ணுமில்ல பாய். வெறும் தாளு."

நம்பாமல் தானே அவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கா இத்தினி வருசம் மண்டைய ஒடச்சிக்கினேன்? கிழிஞ்சது கிழிஞ்சிபோச்சி, இனிமே தொறந்தே கெடக்கட்டும்."

என் பெரிய விசிறியிலும் அந்த இரண்டு மடிப்புகளை வெறுமையாகவே விட்டேன். அவற்றைத் திறக்குமுன், கண்காட்சிக்கு வருகிறவர்கள் உள்ளே என்ன இருக்கும் என்று பலகையில் வரைந்து காட்ட வேண்டும். வீடு வரைந்தார்கள், கோயில் வரைந்தார்கள், ஒருவர் போலீஸ் ஸ்டேஷனே வரைந்தார். பாய் கடையை மூடிவிட்டு, கண்காட்சி நடந்த இரண்டு நாளும் வந்து கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "மொதல்ல நீ வரைஞ்சு காட்டு, அப்பால தொறக்கறேன்" என்று ஒவ்வொருவரையும் மடக்கினார். பக்கத்து மேஜையில் கிழிந்த விசிறி முழுக்க விரிந்து கிடந்தது, அட்டை எதுவும் இல்லாமல்.

இன்றும் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டிவந்து கால் பின்வாங்கும்போதெல்லாம், கோபம் தணிந்து குரலைத் தாழ்த்தி அவர் கேட்ட 'உள்ள இன்னா கீது?' என்ற அந்த ஒரு கேள்விதான் என்னை முன்னால் தள்ளிவிடுகிறது.