என் அக்காவின் மேல்முறையீடும் ஒரு ஷேர் ஆட்டோவும்

சேவுகம்பட்டியில் மல்லி பயிரிடும் என் அக்காவுக்குக் கீழ்க்கோர்ட் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தபோது, "ஆறு மாசம் யாருடி பூ எடுக்குறது?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்திருந்தார்கள். அதிலும் தோற்றால் சிறைதான்.

குற்றம், கொலை மிரட்டல். கவாத்து செய்த செடிகள் துளிர்விட்டிருந்த வேளையில் பக்கத்துத் தோட்டத்து மதினியின் ஆடுகள் புகுந்து மேய்ந்துவிட்டன. அக்கா அரிவாளோடு வரப்பில் நின்று, "உன்னையும் ஆட்டையும் ஒண்ணா வெட்டிப் போட்டுருவேன்!" என்று கத்தினாள். கறக்க நிற்காத மாட்டிடமும் பள்ளிக்குக் கிளம்பாத பிள்ளையிடமும் எங்கள் பக்கத்தில் அன்றாடம் சொல்லப்படுவதுதான் இது. மதினிக்கு அன்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

விசாரணையில் அக்கா மறுத்திருக்கலாம். நீதிபதி கேட்டதும், "சொன்னேன்தான்யா. துளிரைத் தின்னா நீங்களும் சொல்லுவீங்க" என்றாள். எங்கள் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மேல்முறையீட்டை, நாகல் நகரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஓர் இளம் பெண் வக்கீலிடம் ஒப்படைத்தேன். கீழ்க்கோர்ட்டில் மதினி குறுக்கு விசாரணையில் சொன்ன சாட்சியத்தைப் பொறுமையாகப் படித்தவர், ஓரிடத்தில் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். கீழ்க்கோர்ட்டில் யாரும் பொருட்படுத்தாத அந்தப் பகுதியைத்தான் மேல்முறையீட்டு நீதிபதியின் முன் வாசித்தார்.

"மறுநாள் எங்கே போனீர்கள்?"

"பூ மார்க்கெட்டுக்கு. ஷேர் ஆட்டோவுல."

"யாரோடு?"

"அவளோடதான். எங்க ஊருக்கு விடியக்காலையில அந்த ஒரு ஆட்டோதான வரும்?"

"பயமாக இல்லையா?"

"என்ன பயம்? தூக்கந்தான் வந்துச்சு. அவ தோள்ல சாஞ்சு செத்த நேரம் தூங்கிட்டேன்."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மட்டும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் குனிந்து எழுதினார். மிரட்டப்பட்டவருக்கு அச்சம் உண்டானதாகத் தெரியவில்லை என்று பின்னர் தீர்ப்பளித்து, தண்டனையை ரத்துசெய்தார். நான் அக்காவின் கையைப் பற்றினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் மதினி காத்திருந்தாள். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். அதைக் கேட்டு வக்கீல் திகைத்தார். "கேஸு வேற, பஸ்ஸு வேறம்மா" என்று மதினி அவருக்கு விளக்கினாள். பிறகு அக்காவிடம் திரும்பி, "என்ன ஆச்சு?" என்றாள்.

"விட்டுட்டாங்க."

"அப்பாடா! நாளைக்கு முகூர்த்தம், பூவு நல்ல வெலைக்குப் போகும். நீ உள்ள போயிட்டா உம்பூவையும் சேத்து நான் ஒருத்தியா எப்படித் தூக்குறது?"

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர்கள் ஒரே இருக்கையில் அமர்ந்தார்கள், நான் பின்னால். வத்தலக்குண்டை நெருங்கும்போது அக்காவின் குரல் உயர்ந்தது.

"ஏண்டி, இனிமே உன் ஆடு எந்தோட்டத்துல காலு வச்சுச்சு..."

"சொல்லு. வச்சா என்ன செய்வ?"

அக்கா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதையோ விழுங்கினாள்.

"கட்டிப்போட்டுட்டு, உனக்குச் சொல்லி அனுப்புவேன்."