உள்பை வைத்த ரவிக்கை

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று பல வருஷம் காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை, இனி ஆறப்போவதும் இல்லை.

அக்காவை எங்கள் வீடுகளில் ஆச்சி என்போம். எனக்கு ஒரே ஆச்சி. திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் இருவரையும் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆச்சியின் கணவரை நான் அயித்தான் என்று கூப்பிடுவேன். அவருக்குப் பினாங்கில் கடை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். வீட்டை ஆண்டது ஆச்சியின் மாமியார்.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஆச்சிக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. பல மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கோழிமுட்டை அளவு ஆன பிறகு என்னிடம் காட்டினாள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மார்பையே எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த லேடி டாக்டர், "நல்ல நேரத்தில் வந்தீர்கள், தப்பித்துக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள்" என்றார்.

ஊர் திரும்பி ஆச்சியைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுவந்தேன். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வெளிய தெரியுதா?" என்பதுதான். வலிக்குதா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. ஆச்சியின் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பது பாதி, பெண்ணைப் பெற்றவளைப் பார்ப்பது பாதி. தாய்க்குப் புற்று என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள் என்று பயம். அது போக, உடம்பில் குறை உள்ளவள் ஆலத்தித் தட்டைத் தொடக் கூடாது என்று மாமியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "ஒனக்கு வாய் நீளம்" என்றார். நீளம்தான். ஆனால் வேண்டிய நேரத்தில் அந்த நீளம் போதவில்லை.

என்னிடம் தையல் மிஷின் இருந்தது. அதனால் மறைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆச்சியின் ரவிக்கைகள் எல்லாவற்றிலும் உள்பக்கம் இடது புறம் ஒரு பை வைத்துத் தைத்தேன். முதலில் இலவம்பஞ்சு அடைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் கனமில்லை. ஆச்சி கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் மட்டும் மேலே ஏறித் தோள்பட்டைக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். கனத்துக்காகக் கடுகு வைத்தேன். நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது. பிறகு உடம்புக்குக் குளிர்ச்சியாயிற்றே என்று வெந்தயம் வைத்தேன். சித்திரை மாதம், அடுப்படி வியர்வை. மூன்றாம் நாள் பையை அவிழ்த்தால் வெந்தயம் முளைவிட்டிருந்தது.

"ஆத்தாடி, கீரை போட்டிருக்கேன்டி" என்று ஆச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். தையல் போட்ட தழும்பு முழுக்கச் சிவந்து புண்ணாகிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். என் மேல் எனக்குள்ள கோபத்தின் கணக்கு அங்கே தொடங்குகிறது.

விஷயம் தெரிந்து அயித்தான் பினாங்கிலிருந்து ரப்பர் நுரை அனுப்பினார். கத்தரித்துக் கத்தரித்து, மறுபக்கத்தோடு ஒத்துப்பார்த்து, ஒரு வாரத்தில் சரியான உருவத்துக்குக் கொண்டுவந்தேன். அதுதான் இருந்ததிலேயே நல்லது. நழுவாது, சத்தம் போடாது. படுக்கப்போகும்போது எடுத்து வைத்துவிடலாம். சோப்புப் போட்டு அலசிக் காயப்போடலாம். வாராவாரம் வெளுக்கிறவள் வந்து துணி எடுத்துப் போகும்போது, மறக்காமல் நுரையை உருவிவிட்டு ரவிக்கையை மட்டும் போடுவோம். அவ்வளவு ஜாக்கிரதை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அயித்தானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு டாக்டர் இருக்கிறாராம். பஞ்சு மாதிரி ஒன்றை மார்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவாராம். துரைமார் வீட்டுப் பெண்கள்கூட வைத்துக்கொள்கிறார்களாம். கையால் தொட்டால்கூட வித்தியாசம் தெரியாதாம். தொடப்போகிறவர் யார் என்று எழுதவில்லை.

மதுரைக்குப் போய் லேடி டாக்டரைக் கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "புற்றை எடுத்த இடத்தில் எதையும் வைக்க வேண்டாம். திரும்பக் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படாமல் அது மறைத்துவிடும். உடம்பு ஏற்றுக்கொள்ளாவிட்டால் சீழ் பிடிக்கும். இப்போது அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்?" என்றார்.

வந்து ஒரு வார்த்தை விடாமல் மாமியாரிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு அந்த வைத்தியம் தெரியாது. அதான் வேணாங்குது" என்றார். ஆச்சியைப் பார்த்தேன். "இம்புட்டுத் தூரம் ஏற்பாடு பண்ணிட்டாரு. மகளுக்காகத்தானே, போயிட்டு வாரேன்" என்றாள். குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். நான் முறுக்கும் சீடையும் சுட்டு டின்னில் அடைத்து, நாகப்பட்டினம் வரை போய்க் கப்பலேற்றிவிட்டு வந்தேன்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அழகாக இருந்தது. என் நுரையெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. மாமியார் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமே தெரியல" என்று முகம் மலர்ந்தார். அடுத்த மாதமே இலுப்பூர்ப் பக்கம் போகிற சாலையில் நாலு கல் தள்ளி இருந்த ஒரு நல்ல குடும்பத்தில் மகளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளையின் தாயார் ஆச்சியின் கையைப் பிடித்துப் பிரியமாகப் பேசிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆச்சி என்னை அறைக்குள் கூப்பிட்டு, "தொட்டுப் பாருடி" என்றாள். சிரட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. சுற்றிலும் தோல் சிவந்து, தொட்டால் கொதித்தது. வண்டி கட்டச் சொல்கிறேன் என்று எழுந்தேன். கதவருகே மாமியார் நின்றிருந்தார். "கல்யாணம் முடியட்டும்" என்றார். சரி, அவர் அப்படித்தான். ஆனால் ஆச்சியும், "பத்து நாள்தானேடி, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன்" என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்தவள் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

காய்ச்சலோடு நின்று மகளுக்கும் மருமகனுக்கும் ஆலத்தி எடுத்தாள். தட்டு ஆடவில்லை. முகூர்த்தத்துக்கு அவள் புடவை மாற்றும்போது ரவிக்கையில் ஈரம் கண்டு நான்தான் துணியை மடித்து வைத்தேன். சீழ் நாற்றம் வெளியே வராமலிருக்க, தலைகொள்ளாமல் மல்லிகை வைத்துவிட்டேன்.

பெண்ணை அனுப்பிவைத்த மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோனோம். உள்ளே வைத்ததை முழுதாக எடுக்க முடியவில்லை. சதை அதற்குள் வளர்ந்து ஒட்டியிருந்ததால் துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்தார்கள். அதற்கு அடியில், டாக்டர் சொன்ன மாதிரியே, கைக்குத் தட்டுப்படாமல் புதுக் கட்டி. எத்தனை மாதமாக இருந்ததோ. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் ஆச்சி படுத்திருந்தபோது சம்பந்தியம்மா பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி எல்லாம் வாங்கி வந்திருந்தார். நான் ஏதோ வயிற்றுக்கட்டி என்று கதை சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் கையைத் தட்டி நிறுத்தினார்.

"எங்களுக்கு எல்லாம் தெரியுங்க. பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தியே தெரியும். ஒங்களுக்கு வெளுக்கிறவதானே எங்க ஊருக்கும் வெளுக்கிறா? அத்தனை ரவிக்கையிலயும் ஒரு பக்கம் மட்டும் உள்ள பை வச்சுருக்குன்னு சொன்னா. மதுரைக்குப் போய்ட்டு வந்ததும் காதுல விழுந்துச்சு. வீட்டுல கலந்து பேசினோம். பொண்ணு தங்கமான பொண்ணு, ஆத்தாவுக்கு ஒடம்புக்கு வந்தா அதுக்கென்னன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள் ஆச்சி.

"நீங்க இம்புட்டுப் பாடுபட்டு மறைக்கும்போது நாங்க எப்படிங்க சொல்றது? மரியாதையா இருக்குமா?" என்றார் அவர். நல்ல மனுஷி. அந்த நல்ல மனுஷியின் கன்னத்தில் அறைய வேண்டும் போல் எனக்குக் கை துடித்தது. அப்புறம் பையைத் தைத்தது இந்தக் கைதான் என்பதும் ஞாபகம் வந்தது. நுரையை உருவிக்கொள்ளத் தெரிந்த எனக்கு, பையைப் பிரிக்கத் தோன்றவே இல்லை.

அவர் போன பிறகு ஆச்சி என்னிடம், "அந்தப் பக்கமும் ஒரு பை வச்சுத் தச்சிருக்கலாம்டி, தெரிஞ்சிருக்காது" என்றாள். கேலிக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டு மாதம் இருந்தாள். வீட்டில்தான் போனாள். நானும் அவள் மகளும் குளிப்பாட்டிப் புதுப்புடவை சுற்றிக்கொண்டிருந்தோம். கூடத்தில் ஊர்ச்சனம் சேர்ந்துகொண்டிருந்தது. மாமியார் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். அழுது முகம் வீங்கியிருந்தது. "ரவிக்கைக்குள்ள ஏதாச்சும் வையி. பாக்க வாரவுக இருக்காக" என்றார்.

அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். ஒன்றும் வைக்காமல்தான் ஆச்சியை வெளியே கொண்டுவந்தேன்.