முந்திக் கட்டிய தவணை

வேன் அக்கா என்றால் அந்தத் தெருவில் பால்காரர் முதல் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரை தெரியாதவர் கிடையாது. பதினோரு வருஷமாக அடுத்தவர் வண்டியில் அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். ஏழு மணிக்குப் போக வேண்டிய வாசலில் ஆறே முக்காலுக்கே நின்று ஹாரன் அடிப்பாள். வாயில் பேஸ்ட் நுரையோடு பிள்ளைகள் ஓடிவரும். அம்மாக்கள் அவளைத் திட்டாத நாளில்லை. சீக்கிரம் வந்தது ஒரு குத்தமா என்பாள்.

குற்றம்தான் என்று ஒருநாள் எழுத்திலேயே வந்துவிட்டது. அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

வண்டிச் சொந்தக்காரருக்கு மூட்டுவலி. இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று வேனை விற்க முடிவு செய்தார். முதலில் உனக்குத்தான், மாதக் கடைசிக்குள் பணத்தோடு வா, தவறினால் பழ வியாபாரி ஒருத்தர் காத்திருக்கிறார் என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாதிப் பணம் கையில் இருந்தது, மீதிக்கு வங்கிக்குப் போனாள். அங்கே இரண்டே நாளில் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். கிரெடிட் ரிப்போர்ட் சரியில்லையாம்.

அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். ஊர்ச் சங்கதி எல்லாம் முதலில் அவர் நாற்காலிக்குத்தான் வரும். அந்த ரிப்போர்ட்டை நாமே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம் என்பதும் அப்படி வந்த சங்கதிதான். எனக்குத் தெரியாம எங்கேயும் கடன் வாங்கலையே என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே போனில் இறக்கிக் கொடுத்தார்.

விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். பெயர் சரி, பிறந்த தேதி சரி. முன்பு தவணையில் வாங்கி அடைத்து முடித்த வாஷிங் மெஷின் கடனுக்கு வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. இருபத்து மூன்று மாதம் தாமதம், ஒரு தவணை இன்னும் பாக்கி என்று இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறாதவளுக்கு இப்படிப் போட்டால் வயிறு எரியாதா?

ரசீதெல்லாம் வேனின் டாஷ்போர்டில் பத்திரமாக இருந்தன. இருபத்து நான்கையும் கட்டிலில் பரப்பி, ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி தேதியாக ஒப்பிட்டார்கள். அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. தவணை நாள் ஐந்தாம் தேதி. அவளோ முதல் தவணையை முந்தின மாதம் இருபத்தெட்டாம் தேதியே கட்டிவிட்டாள். ஃபைனான்ஸ் கம்பெனி கம்ப்யூட்டர் அதைக் கூடுதல் வரவு என்று ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஐந்தாம் தேதி பணம் வரவில்லை என்று எழுதிக்கொண்டது. அடுத்த தவணைக்கு முந்திக் கட்டியதை இந்தத் தவணைக்குப் பிந்திக் கட்டியதாக வைத்துக்கொண்டது. இப்படியே கடைசிவரை.

கம்பெனி கவுண்டரில் கண்ணாடி போட்ட பெண் முதலில் சிஸ்டம் தப்பே செய்யாது என்று சாதித்தாள். ரசீதுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க ஒழுங்கா தேதிக்குக் கட்டியிருந்தா இந்த வம்பே வந்திருக்காதுக்கா."

நல்லா இருக்கே நியாயம் என்று முணுமுணுத்தாலும், கடன் முழுதும் தீர்ந்தது என்று கடிதம் வாங்காமல் அவள் நகரவில்லை. அந்தக் கடிதத்தையும் ரசீதுகளையும் படம் எடுத்து, ரிப்போர்ட் போடுகிற நிறுவனத்துக்கு இந்த வரி தவறு என்று புகார் அனுப்பினார்கள். திருத்த முப்பது நாள் ஆகலாம் என்று பதில் வந்தது. மாதக் கடைசிக்கு இருந்ததோ பதினெட்டே நாள்.

யாரிடமும் தவணை கேட்டுப் பழக்கமில்லாதவள். வண்டிச் சொந்தக்காரர் வீட்டு கேட் வரை மூன்று முறை போய்த் திரும்பினாள். நான்காம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அண்ணே, இன்னும் பன்னெண்டு நாள் பொறுத்துக்கணும். தப்பு என் மேல இல்ல."

ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் கையிலேயே வாங்கவில்லை.

"பழக்காரரை வேற வண்டி பாக்கச் சொல்லி நேத்தே அனுப்பிட்டேன். உன் வீட்டுக்காரர் எனக்குச் சவரம் பண்ணும்போதே எல்லாத்தையும் கொட்டிட்டாரு. பதினோரு வருஷமா உன்னைப் பாக்கிறவன் நான். எனக்கு எதுக்கும்மா அந்தப் பேப்பர்?"

ஓட்டைவாய் மனுஷன் என்று வீட்டுக்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அத்தனை சந்தோஷத்தோடு அவரை அவள் திட்டியதே இல்லை.

இருபத்தாறாம் நாள் திருத்திய ரிப்போர்ட் வந்தது. தாமதம் என்ற சொல்லே அதில் இல்லை. வங்கியில் இம்முறை மளமளவென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

பெயர் மாற்றும் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுக்குப் பேனா ஓடவில்லை. இத்தனை வருஷமும் ஓட்டுநர் கட்டத்தில் மட்டுமே எழுதிய பெயர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுதி முடித்து, சரியா இருக்கா பாருங்க என்று வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு தரம் படித்தார்.

"தப்பே இல்ல" என்றார்.